ஏடிபி ஒட்டவைக்கும் பசை அல்ல

“ஏடிபி மூலக்கூறு ஆக்டினையும் மயோசினையும் ஒட்டவைக்கிறது, புரத இழைகள் குறுகுவதால் தசை சுருங்குகிறது” என்று ஒரு விளக்கப்படம் பரவுகிறது. இரண்டும் தவறு. (ஏடிபி என்பது செல்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு; ஆக்டினும் மயோசினும் தசையில் இழைகளாக அமைந்த புரதங்கள்.)

இழைகளின் நீளம் மாறுவதில்லை. சுமார் 1.6 மைக்ரோமீட்டர் நீளமுள்ள மயோசின் இழைகளுக்கிடையே ஆக்டின் இழைகள் வழுக்கி நுழைகின்றன. 1954இல் ஹக்ஸ்லி–நீடர்கெர்கே, ஹக்ஸ்லி–ஹான்சன் என இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைச் சொன்னார்கள். (இரு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர்.)

பிணைப்புக்கு வழிவிடுவது கால்சியம். அது ஆக்டின் இழைமேல் உள்ள ட்ரோபோனின் என்ற புரதத்தில் சேர்ந்ததும், ஆக்டினின் பிணைப்பிடங்களை மறைத்திருந்த ட்ரோபோமயோசின் என்ற புரதம் விலகும். ஏடிபியை முன்பே பிளந்து தயாராக நிற்கும் மயோசின் தலை (இழையிலிருந்து துருத்தி நிற்கும் பகுதி) அங்கே பற்றும்; ஏடிபி பிளந்ததில் உண்டான பாஸ்பேட் வெளியேற, தலை சாய்ந்து ஆக்டினைச் சுமார் 5 முதல் 10 நானோமீட்டர் இழுக்கும். அதன்பின் பிடி தானாக விடாது. புதிதாக ஓர் ஏடிபி வந்து தலையில் அமர்ந்தால்தான் அது ஆக்டினை விட்டுப் பிரியும். அந்த ஏடிபியைப் பிளந்துதான் தலை மறுபடி நிமிர்கிறது.

இறந்த உடல் விறைப்பதே இதற்குச் சான்று. ஏடிபி தீர்ந்துபோவதால் தலைகள் ஆக்டினைப் பிடித்தபடியே நின்றுவிடுகின்றன. புரதங்கள் சிதையத் தொடங்கிய பிறகே விறைப்பு தளர்கிறது. ஏடிபி பசையாக இருந்திருந்தால், அது தீர்ந்ததும் தசை தளர்ந்தல்லவா போயிருக்க வேண்டும்?