மொரப்பூர் நிலையத்தை வருமானக் கணக்கால் மட்டும் அளக்க வேண்டாம்

சென்னையிலிருந்து சேலம் போகும் வண்டியில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு மொரப்பூர் ஒரு சிறிய நிலையம்தான். அரூர், தீர்த்தமலை, கோட்டப்பட்டி, சித்தேரி என மலைகளுக்கு நடுவே பரவிக் கிடக்கும் ஊர்களுக்கோ திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்கப் போகவும் சென்னையில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு திரும்பவும் அதுவே வாசல். ஆனாலும் கூடுதல் வண்டிகள் நின்று போக வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் பயணச்சீட்டு வருமானமே முதலில் பேசப்படுகிறது. இந்த அளவுகோலை என்னால் ஏற்க முடியவில்லை.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில், அன்று சேலம் மாவட்டத்தோடு இருந்த நம் பகுதி பட்ட துயரம் சொல்லி முடியாதது. தானியம் இருக்கும் இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வழி வேண்டும் என்ற படிப்பினை அதிலிருந்து பிறந்தது. அதன் விளைவாகவே பஞ்சக் காப்புப் பாதையாக மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 762 மில்லிமீட்டர் அகலமுள்ள குறுகிய தண்டவாளம் போடப்பட்டு 1906-இல் வண்டி ஓடத் தொடங்கியது. 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. இதே நோக்கத்தோடு 1905-இல் திறக்கப்பட்ட திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதை 1936-இல் மூடப்பட்டது. மொரப்பூர்ப் பாதையும் 1941-இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது மூடப்பட்டது. மாவட்டத் தலைநகராகிவிட்ட கிருஷ்ணகிரிக்கு இன்றுவரை ரயில் திரும்பி வரவில்லை என்பது தனியே எழுத வேண்டிய வேதனை.

மக்களின் உயிரைக் காக்கப் போட்ட பாதையின் தாய் நிலையத்தை, எத்தனை சீட்டு விற்றது என்பதை மட்டும் வைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. மலையில் சாமையும் புளியும் விளைவிக்கும் குடும்பம் ஆண்டுக்குச் சில முறைதான் ரயில் ஏறும். ஆனால் பெரிய மருத்துவமனைக்கோ தேர்வுக்கோ ஏற வேண்டிய அந்த நாளில் வண்டி நின்றே ஆக வேண்டும்.

மொரப்பூர்–தருமபுரி அகலப்பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நிலம் கொடுப்பவர்களுக்கு உரிய இழப்பீட்டை முழுமையாகவும் காலம் தாழ்த்தாமலும் கொடுத்து அதை முடிக்க வேண்டும். வண்டி நேரத்தை ஒட்டி அரூரிலிருந்தும் மலையடிவார ஊர்களிலிருந்தும், குறிப்பாக விடியற்காலையிலும் இரவிலும், பேருந்துகள் இயங்க வேண்டும். மொரப்பூர் மீண்டும் சந்திப்பு நிலையமாகும்போது, 1906-இல் இங்கிருந்து பாதை எதற்காகப் புறப்பட்டது என்பதை நடைமேடையில் தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்பதையும் இந்தக் கோரிக்கைகளோடு சேர்த்தே கேட்கிறேன்.