பொட்டு வைத்த பி.சி.ஆர். மெஷின்

எங்கள் துறை லேபின் மூலையில், டி.என்.ஏ. துண்டுகளை நகலெடுத்துப் பெருக்குகிற ஒரு பி.சி.ஆர். மெஷின் நீலத் துணி உறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு உறையைக் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைப்போம். மறுநாள் பொட்டோடு திரும்ப உறைக்குள் போய்விடும். போன வருஷம் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி பொரியை மென்றுகொண்டே, "மேம், இது ஓடுமா?" என்று கேட்டாள். ஓடும் என்றேன். பொய் இல்லை. கம்பெனி ஆள் வந்து டெமோ காட்டிய அன்றைக்கு ஓடியது.

மெஷின் வாங்கப் பணம் வந்தது. தேடுகிற மரபணுவைப் பிடித்துத் தரும் பிரைமர், நகலெடுக்கும் பாலிமரேஸ் என்சைம், முடிவைப் பார்க்கும் ஜெல்லுக்கு அகரோஸ் இதெல்லாம் தீர்ந்தால் வாங்குவதற்கு எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. மாட்டை வாங்கிக் கட்டிவிட்டு வைக்கோலுக்குக் கையைப் பிசைகிற கதைதான். கல்லூரியை மதிப்பிட ஆய்வுக் குழு வரும்போது மெஷினைக் காட்டலாம், தீர்ந்துபோன டியூபையா காட்ட முடியும்? 2008-ல் தொடங்கிய மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் காலேஜ் திட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் புத்திசாலி. இளநிலை மாணவர்களின் செய்முறைக்கு வேண்டிய கெமிக்கலுக்கும் அதில் பணம் உண்டு. ஆனால் அது எல்லாக் கல்லூரிக்கும் கிடைப்பதில்லை.

சென்னைக் கல்லூரிகளின் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி ப்ராஜெக்ட் புத்தகங்களை அடுக்கினால் நைனியப்ப நாயக்கன் தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடையே போடலாம். குப்பைமேனி, ஆடாதொடை, நொச்சி, நிலவேம்பு. இலையை நிழலில் காயவை, பொடி செய், எத்தனாலில் ஊறவை, பாக்டீரியா பூசிய அகார் ஜெல்லியில் குழி போட்டு ஊற்று, பாக்டீரியா வளராத வட்டத்தை ஸ்கேல் வைத்து அள. ரொம்ப நாள் இதைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். காரணம் அப்புறம்தான் புரிந்தது. வகுப்புத் தோழியின் தொண்டையிலிருந்து பஞ்சுக் குச்சியால் ஒரு ஸ்வாப் எடுக்க வேண்டுமென்றால்கூட, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைப்படி, மனிதர்களிடம் செய்யும் ஆய்வைப் பரிசீலிக்கிற எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி வேண்டும். அது சரியான விதி. ஆனால் எங்களைப் போன்ற கலை அறிவியல் கல்லூரியில் கமிட்டியே இல்லை. குப்பைமேனியிடம் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.

இதைவிடச் சுலபமான வழியும் இருக்கிறது. பணம் கட்டினால் ப்ராஜெக்ட் சென்டரே புத்தகம் போட்டுத் தந்துவிடும். ஒரு வருஷம் இரண்டு மாணவர்கள் கொண்டுவந்த புத்தகங்களில், ஒன்றில் துளசி, இன்னொன்றில் வேம்பு; பிளேட் போட்டோ மட்டும் ஒன்றே. வைவாவுக்கு நான்கு நாள்தான் இருந்தது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன்.

நேரம் எங்கே? யு.ஜி.சி. 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. அதன் மேல் இன்டர்னல் மார்க், அட்மிஷன், கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் ஃபைல். முதல் ஷிஃப்ட் மதியம் ஒரு மணிக்கு முடிந்தால் ஒன்றரைக்கு இரண்டாம் ஷிஃப்ட் பிள்ளைகள் லேப் வாசலில் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை லேபைத் திறக்கச் சாவிக்கே ஒரு கடிதம் எழுத வேண்டும்.

எல்லாக் கருவியும் எல்லா இடத்திலும் இருந்தால்தான் ஆராய்ச்சி என்று நான் நம்பவில்லை. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, ஆசிரியை சுனிதி சாலமன் சொன்ன தலைப்பை எடுத்துக்கொண்டு பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். சோதித்துப் பார்க்க இங்கே வசதி இல்லை. மாதிரிகள் அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்துவிட்டு வேலூர் சி.எம்.சி.க்குப் போயின. ஆறு பாசிட்டிவ். இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. வந்துவிட்டது என்பது அப்படித்தான் தெரிந்தது, ஒரு மாணவியின் ஆய்வேட்டு வேலையில். அவர் எம்.டி. மாணவி, என் பிள்ளைகள் பி.எஸ்சி.; வித்தியாசம் தெரியாமல் சொல்லவில்லை. நல்ல கேள்வி கொடுக்க ஓர் ஆசிரியை, டெஸ்ட் செய்து தர ஒரு பக்கத்து ஊர் லேப். இந்த இரண்டையும் சொல்கிறேன்.

ஐ.சி.எம்.ஆர். 1979-லிருந்து மாணவர்களுக்குக் குறுகிய கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகிறது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். பிள்ளைகளுக்கு மட்டும். நாள் முழுக்க பாக்டீரியா வளர்க்கிற பி.எஸ்சி. பிள்ளைக்கு அதில் இடம் இல்லை. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச்., பெரிய நிதி கிடைக்காத கல்லூரிகளுக்கென்றே 1985-ல் தனியாக ஒரு திட்டம் ஆரம்பித்தது. மாணவர்களைச் சேர்த்துக்கொண்டுதான் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. நமக்கு அத்தனை டாலர் வேண்டாம், அந்த ஒரு வரி போதும்.

போன வருஷம் வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு மாணவி இலை வேண்டாம் என்றாள். "எங்க தெருவுல எல்லாரும் கேன் தண்ணிதான் மேம். திறந்து அஞ்சு நாள் வச்சிருக்காங்க. அதைப் பாக்கலாமா?" பதினோரு வீடு. முதல் நாளும் ஐந்தாம் நாளும் மாதிரி. குடல் வகைப் பாக்டீரியாவைக் கண்டுபிடிக்கும் மெக்கான்கி திரவம் ஊற்றிய டியூபுக்குள், வாயுவைப் பிடிக்கக் கவிழ்த்த சின்ன டர்ஹாம் குழாய். காலையில் வந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். முதல் நாள் டியூப்கள் சும்மா இருந்தன. ஐந்தாம் நாள் நான்கு வீட்டு டியூப்களில் திரவம் மஞ்சளாகி, குழாய் உச்சியில் காற்றுக் குமிழ்; அந்தப் பாக்டீரியா இருக்கலாம் என்பதற்கு அடையாளம். அந்த நான்கிலும் கேனை மண்பானையில் கவிழ்த்து டம்ளர் விட்டு மொள்ளுகிறார்கள். அடுத்த வாரமே அந்த வீடுகளுக்குப் போய்ப் பானையைத் தேய்க்கச் சொல்லிவிட்டு வந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் 'புதுமை இல்லை' என்று மார்க்கைக் குறைத்தார். நிலவேம்புக்குக் கூடுதல் மார்க்.

அந்த டியூப்களிலிருந்து ஈ.எம்.பி. அகாரில், ஈ.கோலைக்கு உரிய பச்சை உலோகப் பளபளப்போடு வந்த காலனிகளைக் கிளிசராலில் போட்டு மைனஸ் 20 டிகிரியில் வைத்திருக்கிறோம். சில காலனிகள் நாங்கள் வைத்துப் பார்த்த எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியவில்லை. கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்குகளையும் செயலிழக்க வைக்கிற என்.டி.எம்.-1 மரபணு பற்றி 2010-ல் உலகமே பேசிய கட்டுரையில், அது இருந்த 44 பாக்டீரியா மாதிரிகள் சென்னையிலிருந்து எடுத்தவை. கட்டுரை எழுதியவர்களில் முதல் பெயருக்கு உரியவர் அப்போது தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர். எங்கள் கல்லூரியிலிருந்து தரமணிக்கு ஒரு பஸ் தூரம். அந்த மரபணு எங்கள் காலனிகளில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஜோடி பிரைமர் ஆயிரம் ரூபாய்க்குள் வந்துவிடும், அதையும் என்சைம், அகரோஸையும் என் கைக்காசில் வாங்கிக்கொள்கிறேன். மெஷின் இருக்கிறது, பொட்டைத் துடைத்தால் போதும். கூட நின்று சொல்லித்தர ஆள்தான் இல்லை. தரமணி, சேத்துப்பட்டு பக்கம் ஆராய்ச்சி லேபுகளில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸ் வாருங்கள். இரண்டு சனிக்கிழமை போதும். சாவிக்குக் கடிதம் நான் எழுதிக்கொள்கிறேன்.