'பின்பக்கம் டல்லு, தம்பி'

நேற்று ஒருவர் ஆங்கில ராக் குழுவான லெட் செப்பலினின் ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்திப் பதிவு போட்டார், கீழே பின்னூட்டங்களில் ஒரே கூத்து. அவர்களுடைய மூன்றாவது ஆல்பத்தைக் கடைசியில் வைத்ததுகூடப் பரவாயில்லை, அவரவர் காது. ஆனால் "முதல் பாட்டோடு நிறுத்திடலாம், பின்பக்கம் முழுக்கத் தாலாட்டு" என்பதற்கு அத்தனை பேர் சிரிப்புப் பொம்மை போடுகிறீர்களே, அங்கேதான் எரிகிறது. மரியாதையாக இரண்டு வரி எழுதினேன். "அண்ணனுக்கு வயசாயிடுச்சு" என்று பதில் வந்தது. சரி, ஆயிடுச்சுதான்.

தாலாட்டாம்! இசைத்தட்டின் பின்பக்கத்தில் இருக்கிற 'கேலோஸ் போல்' பாட்டை முழுசாகக் கேட்ட யாராவது அப்படிச் சொல்வார்களா? தூக்குமேடையில் நிற்பவன், கொஞ்சம் பொறு, என் ஆட்கள் வருகிறார்கள் என்று கெஞ்சுகிற பழைய நாட்டுப்புறப் பாட்டு அது. பழைய வடிவங்கள் பலவற்றில் காதலி வந்து மீட்டுவிடுவாள். இவர்கள் பாட்டில் அண்ணன் வெள்ளி கொண்டுவருகிறான், தங்கை தன்னையே கொடுக்கிறாள், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சிரித்தபடி அவனைத் தூக்கில் போட்டுவிடுகிறான் தூக்குப் போடுகிற ஆள். மின்சாரம் தேவைப்படாத ஒற்றை அகூஸ்டிக் கிட்டாரில் தொடங்கி, மாண்டலின் சேர்ந்து, நடுவழியில் ஜான் பானமின் டிரம்ஸ் புகுந்து, அதுவரை பாஞ்சோவே வாசித்திராத கிட்டார்க்காரர் ஜிம்மி பேஜ், குழுவின் பேஸ் கிட்டார்க்காரர் ஜான் பால் ஜோன்ஸுடைய பாஞ்சோவை எடுத்து வாசிக்க, கயிறு இறுகுகிற மாதிரி ஏறிக்கொண்டே போகும். இதைக் கேட்டு எந்தக் குழந்தை தூங்கும்?

"அப்போ ஃபேஷனா இருந்ததைக் காப்பியடிச்சாங்க" என்று ஒருவர். 1970 அக்டோபரில் ஆல்பம் வந்தபோதே விமர்சகர்கள் சொன்னதுதான் இது, அகூஸ்டிக் பாட்டுகளுக்குப் பேர்போன கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ் குழுவைப் பார்த்துச் செய்கிறார்கள் என்று. ஐயா, அந்தக் குழுவின் முதல் ஆல்பம் வந்தது 1969 மே மாதம். செப்பலினின் முதல் ஆல்பம் அதே வருஷம் ஜனவரி. அதிலேயே 'பிளாக் மவுண்டன் சைட்' இருக்கிறது, அகூஸ்டிக் கிட்டாரோடு விராம் ஜஸானியின் தபலா. காலண்டரைப் பார்த்துவிட்டுப் பேசலாமே.

சத்தம் குறைந்தால் ராக் இல்லை என்று யார் சொன்னது? இந்த ஆல்பத்துக்கு முன்னால், சுற்றுப்பயணம் முடிந்து பேஜும் பாடகர் ராபர்ட் பிளாண்டும் போய்த் தங்கியது வேல்ஸில் கரண்ட் இல்லாத ஒரு குடிலில். மின்கிட்டாரை எதில் செருகுவார்கள்? பின்பக்கத்துப் பாட்டுகளில் 'ஹாட்ஸ் ஆஃப் டு ராய் ஹார்ப்பர்' எனக்கும் பிடிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அது ஒன்றுதான், அதை வைத்து ஆடாதீர்கள். விமர்சனங்களால் கடுப்பான பேஜ் அப்புறம் 18 மாதம் பத்திரிகைகளுக்குப் பேட்டியே கொடுக்கவில்லை. முன்பெல்லாம் இது கொஞ்சம் அதிகம் என்று நினைப்பேன். நேற்று இரவு புரிந்தது.

கல்லூரிக் காலத்தில் சி-60 கேசட் ஒன்று கொடுத்து இந்த ஆல்பத்தைப் பதிந்து தரச் சொன்னேன். கடைக்காரர் ஒரு பக்கத்தில் இதன் முதல் பாதியை மட்டும் போட்டு, மறுபக்கத்தில் வேறெதையோ நிரப்பிவிட்டார். கேட்டால், "பின்பக்கம் டல்லு, தம்பி." நானும் நம்பி நாலு வருஷம் பாதி ஆல்பத்தோடு வாழ்ந்தேன். அப்புறம் ஒரு நண்பன் வீட்டில் சிடியில் 'தட்ஸ் த வே' கேட்டேன். பக்கத்து வீட்டுப் பையனோடு இனி விளையாடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள், இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று ஒருவன் தவிக்கிற பாட்டு. முடிந்ததும் இன்னொரு தரம் போடுடா என்றேன். மூன்று தரம் போட்டான். நடுவில் அவன் அம்மா காபி கொண்டுவந்து வைத்தது ஆறிப்போனது.

அந்த நண்பன்தான் நேற்று "தாலாட்டு" என்று எழுதியவன்.

டேய், பதிவை எடு என்றெல்லாம் சொல்லவில்லை. அந்தச் சிடி இன்னும் உன்னிடம் சும்மா கிடந்தால் எனக்குக் கொடுத்துவிடு.