நின்றபடியே படித்து முடிப்பவர்கள்

காமிக்ஸ் விழாக்களில் என்னை ரொம்பவும் நோகடிப்பது, நான் புத்தகம் விற்கும் மேசை முன் நின்றபடியே முழுப் புத்தகத்தையும் படித்து முடித்து, "நல்லா இருக்கு" என்று வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான். புரட்டிப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். நாலு பக்கம் பார்த்தாலே ஓவியம் பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். 24 பக்கக் கதையோ பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். முடிவு தெரிந்தபின் யார் வாங்குவார்கள்? அதுவரை அவருக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு மேசையே தெரியாது. எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அப்புறம் அந்தப் பிரதியின் கதி. நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகம். அகல விரித்து மடக்கினால் முதுகில் வெள்ளைக் கோடு விழும். கறுப்பு அட்டை என்றால் விரல் ரேகை அப்படியே நிற்கும். அதை யாரிடம் முழு விலைக்கு நீட்டுவது? பெரிய பதிப்பகத்துக்கு ஒரு பிரதி வீணானால் கணக்கிலேயே வராது. சொந்தக் காசில் நூறு பிரதி டிஜிட்டலில் அச்சடிக்கிறவருக்கு ஒவ்வொன்றின் அடக்கவிலையும் அதிகம். மேசை வாடகை, பயணச் செலவு வேறு.

இதைவிடக் கொடுமை, பக்கம் பக்கமாக போனில் படம் எடுப்பது. பென்சில், மை, வண்ணம், எழுத்து என்று ஒரு பக்கத்துக்கு எவ்வளவு உழைப்பு! எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அட்டையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். 'மாதிரிப் பிரதி' என்று ஒட்டி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். புரட்டுவதென்றால் அதையாவது எடுங்கள்.