கடைசியில் ஓடுபவருக்கும் தாகம் எடுக்கும்

போன ஞாயிறு பெசன்ட் நகரில் அரை மாரத்தான், 21.1 கி.மீ. எங்கள் கிளப்பிலிருந்து பதினோரு பேர் போனோம். நான் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கிற ஆள். 15-வது கி.மீ. மேசைக்குப் போய்ச் சேர்ந்தால், தண்ணீர் தீர்ந்துவிட்டது!

உதவிக்கு நின்ற கல்லூரிப் பையன் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தான். அரை கப்தான் சொட்டியது. "சாரி அண்ணா, முன்னாடி வந்தவங்க ரெண்டு மூணு கப் எடுத்துட்டாங்க" என்றான், முகம் வாடிப்போய். அவன் என்ன செய்வான்? ரோடு முழுக்க மிதிபட்ட பேப்பர் கப்.

சென்னையில் காலை ஏழு மணிக்கே பனியனைப் பிழிந்தால் வியர்வை கொட்டும். 10 கி.மீ.க்கு மேற்பட்ட ஓட்டங்களில் சுமார் 5 கி.மீ.க்கு ஓரிடத்தில் தண்ணீர் வைக்கச் சொல்கிறது உலகத் தடகள விதி. சரி, மேசை போட்டால் மட்டும் போதுமா? எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்பது நடத்துபவர்களுக்குத் தெரியும்தானே? வேகமாக ஓடுபவர் கட்டிய அதே கட்டணத்தைத்தான் நாங்களும் கட்டினோம். என்னுடன் வந்த அறுபது வயது அக்கா, ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பெட்டிக்கடைக்கு நடந்து போய், காசு கொடுத்து பாட்டில் வாங்கிக் குடித்தார். பார்க்கவே வயிறு எரிந்தது.

அடுத்த முறையாவது, பின்னால் வருகிறவர்களுக்கென்று நாலு கேன் தனியாக எடுத்து வையுங்கள்.