பின்கதவையும் திறந்து பார்த்திருக்கலாம்

சொகுசு மின்கார்களின் பாதுகாப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் மெர்சிடிஸ் ஈக்யூஎஸ், பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ், டெஸ்லா மாடல் எஸ் மூன்றையும் ஏர்பேக், கேமரா, தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி என்று வரிசையாக ஒப்பிட்டிருக்கிறீர்கள். சரி, மூன்றுமே யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய கார் பாதுகாப்புச் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியவைதான். ஆனால் காரில் கரன்ட் போன பிறகு உள்ளே இருப்பவர் கதவைத் திறந்து வெளியே வர முடியுமா? கட்டுரை அதைத் தொடவே இல்லை.

பல சொகுசு மின்கார்களில் கதவின் மின்சாரப் பூட்டு, காரை ஓட்டும் பெரிய பேட்டரியை அல்ல, தனியாக இருக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. போன வருடம் நண்பர் ஒருவரின் காரில் (எந்த கம்பெனி என்பது வேண்டாம்) அந்தச் சிறிய பேட்டரி இறங்கிவிட்டது. பின்சீட்டில் அவருடைய அம்மா. பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார், திறக்கவில்லை. முன்சீட்டிலிருந்து நான் பின்னால் தாவி, மொபைல் வெளிச்சத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடியை நகத்தால் நெம்பி, உள்ளே இருந்த கம்பியை இழுத்துத்தான் திறந்தேன். மூட்டுவலிக்காரர் அவர். தனியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்?

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 2021 டெஸ்லா மாடல் ஒய் கார்களின் வெளிக் கைப்பிடிகள் செயலிழந்து, பின்சீட்டுக் குழந்தையை எடுக்கப் பெற்றோர் கண்ணாடியை உடைத்த புகார்கள் வந்து, 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணை தொடங்கியது. சுமார் 1.74 லட்சம் கார்கள் அதில் அடக்கம்.

உங்கள் அட்டவணையில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: பின்கதவின் கையால் திறக்கும் லீவர் எங்கே இருக்கிறது, ஒரு குழந்தைக்கு அது எட்டுமா?