க்ரோம் வீலுக்கு டாய்லெட் ஆசிட் வேண்டாம்

டாய்லெட் கழுவும் ஆசிட்டை ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டால் க்ரோம் வீலில் (க்ரோம் முலாம் பூசிய வண்டிச் சக்கரத்தில்) உள்ள துரு போய்விடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். துரு போவது உண்மைதான், கூடவே க்ரோமும் போய்விடும். அந்த ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக். முலாம் பூசும் பட்டறைகளில் பழைய க்ரோமை உரித்தெடுக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். மினுமினுக்கும் அந்தப் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்கூட இருக்காது. அடியில் நிக்கல், அதற்கும் கீழே இரும்பு. பூச்சிலுள்ள நுண்துளை, கீறல் வழியே ஈரம் இறங்கி அந்த இரும்புதான் துருப்பிடிக்கிறது.

மேலோட்டமான துரு என்றால் வீலைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, சமையலறை அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் க்ரோமைவிட மென்மையானது, கீறாது. (பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் தொடவே தொடாதீர்கள்.) அப்புறம் நன்றாகத் துடைத்துக் காயவைத்து வாக்ஸ் போடுங்கள்.

பூச்சு கொப்பளித்து உரிந்திருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் பலிக்காது, மறுமுலாம்தான். ஏற்கெனவே ஆசிட் ஊற்றிவிட்டீர்களா? நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அதன்மேல் பிளீச்சிங் பவுடர் மட்டும் போட்டுவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.